அப்பாவின் மீன் தொட்டி

குழு: பெரிய வீடு

செல்வி: (படம்) அப்பாவின் தொட்டியில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஓடுகிறது. கண்ணாடி முழுக்க அதுதான். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வருகிறீர்கள். தண்ணீரைக் கொட்டிக் கழுவிவிடட்டுமா?

ராஜி: ஐயோ, பூச்சியா?

அருண்: வெள்ளைப் புள்ளி வந்தால் மீனுக்கு நோயாம். ஒரு தகவல் வந்தது, அனுப்பட்டுமா சித்தி?

ராஜி: வேண்டாம்

முரளி: அக்கா, கொட்டாதே! அருண், அந்த நோய்க்குப் புள்ளி மீன் மேல் ஒட்டியிருக்கும், கண்ணாடியில் ஓடாது. அக்கா, குச்சி முனையால் ஒன்றைத் தொட்டுப் பாரேன்.

செல்வி: தொட்டேன். டக்கென்று மூடிக்கொண்டு அடியில் விழுந்தது. இப்போது மறுபடியும் ஓடுகிறது.

முரளி: அப்படியென்றால் ஆஸ்ட்ரகோடுதான். இறால், நண்டு வகையறா. எள்ளில் பாதி இருக்கும், ஆனால் சிப்பி மாதிரி இரண்டு ஓடு. உடம்பு, கால் எல்லாம் உள்ளே. மீனுக்கு ஒரு கெடுதலும் இல்லை, பாசியையும் மிச்சம் மீதியையும் தின்னும்.

ராஜி: அண்ணா, எத்தனை பாய் வேண்டும்? அதைச் சொல்லுங்கள்.

முரளி: நான் ஆய்வுக்கூடத்தில் இத்தனை வருடம் பார்த்தது இதைத்தான். எண்ணெய்க் கிணறு தோண்டும்போது மேலே வரும் பாறைத் துகளைக் கழுவிச் சலித்து, கறுப்புத் தட்டில் பரப்புவோம். நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே, மெல்லிய தூரிகையை ஈரமாக்கி, முனையால் ஒவ்வொரு ஓடாக ஒற்றி எடுக்க வேண்டும். மூச்சை அழுத்தி விட்டால் பறந்துவிடும். எந்த இனம் என்று தெரிந்தால் பாறையின் வயது தெரியும், அது கடலா, ஏரியா, உப்பு கலந்த கழிமுகமா என்றும் தெரியும். 45 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறையிலும் கிடைக்கிறது. வளரும்போது ஏழெட்டு முறை ஓட்டைக் கழற்றிப் போடும். அதனால் ஒரே உயிர் அத்தனை ஓடுகளை விட்டுச் செல்கிறது. புது ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தண்ணீரிலிருந்தே எடுக்கும். ஓட்டில் உள்ள மக்னீசியத்தையும் ஆக்சிஜனையும் அளந்து அந்தக் காலத்துத் தண்ணீர் எப்படி இருந்தது என்று கணிக்கிறார்கள்.

அருண்: 👍

ராஜி: ஆறு பாய் போதுமா?

நித்யா: சின்ன அத்தை, எட்டு. அப்பா, மியன்மார் அம்பரில், அதுதான் கல்லாக இறுகிய மரப் பிசினில், கிடைத்ததைச் சொல்லவில்லையே! 2020இல் வந்த செய்தி. 10 கோடி ஆண்டுப் பழைய ஆஸ்ட்ரகோடுக்குள் விந்தணு அப்படியே இருந்தது. இன்றைக்கும் சில இனங்களில் அது உடம்பைவிடப் பல மடங்கு நீளம்.

ராஜி: நித்யா, பாட்டியும் இந்தக் குழுவில் இருக்கிறார்

நித்யா: 🙈

அருண்: மாமா, ராத்திரி ஒளிருமா?

முரளி: நம் தொட்டியில் இருப்பது ஒளிராது. கடலில் சில இனங்கள் ஒளிரும். ஜப்பானில் உமிஹோதாரு, கடல் மின்மினி என்று அர்த்தம். நீல வெளிச்சம். அந்த ஒளிப் பொருளை 1956இல் படிகமாக்கியவர் ஜப்பானிய விஞ்ஞானி ஷிமோமுரா. பிறகு ஜெல்லிமீனின் ஒளிரும் புரதத்துக்காக 2008இல் நோபல் வாங்கினார்.

செல்வி: எல்லாம் சரி, இவ்வளவு கூட்டம் எப்படி வந்தது?

முரளி: செடியோடு முட்டை வந்திருக்கும். சில இனங்களின் முட்டை காய்ந்து கிடந்தாலும் சாகாது. நீ கழுவினாலும் திரும்ப வரும். இப்படிப் பெருகியிருக்கிறது என்றால் தீனி அதிகம். யார் போடுகிறார்கள்?

பாட்டி: நான் ஒரு வேளைதான் போடுகிறேன்

செல்வி: அம்மா, காலையில் நானும் போடுகிறேனே!

பாட்டி: அப்பா இரண்டு வேளை போடுவார்

ராஜி: ❤️

முரளி: போடட்டும் அக்கா, கொஞ்சமாகப் போட்டால் சரி. தண்ணீரில் கால் பங்கை மட்டும் மாற்று. அடி மண்ணை ஒரு பாட்டிலில் எடுத்து வை, நுண்ணோக்கி கொண்டு வருகிறேன்.

செல்வி: போன தடவை அப்பாவின் கல் டப்பாவையும் இப்படித்தான் பார்க்க எடுத்துப் போனாய். இன்னும் திரும்பவில்லை.

முரளி: பத்திரமாக இருக்கிறது அக்கா.

ராஜி: மறுபடி ஆரம்பிக்காதீர்கள். எட்டுப் பாய், சரியா?

அருண்: மாமா, டப்பாவும் வருகிறதா?

செல்வி: பாட்டிலில் எடுத்து வைத்துவிட்டேன். தொட்டியை நாளைக்குப் பார்க்கலாம்.