பல்கலைக்கழகங்களால் சுற்றுச்சூழலுக்கு உருப்படியாக ஏதாவது நடந்திருக்கிறதா?

தேடல்:
எங்கே பார்த்தாலும் 'பசுமை வளாகம்' என்று போர்டு. மரம் நடுகிறார்கள், கூரையில் சோலார் போடுகிறார்கள், வருஷா வருஷம் பளபளவென்று ஓர் அறிக்கை. 1990இலேயே பிரான்சின் தலுவாரில் பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடிச் சுற்றுச்சூழல் பிரகடனம் வெளியிட்டார்கள், பிறகு நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்கள் அதில் கையெழுத்திட்டன. சரி, வளாகச் சுவருக்கு வெளியே என்ன மாறியது? 'இது பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது' என்று அடித்துச் சொல்லும்படி ஏதாவது இருக்கிறதா? பணக்கார நாட்டிலும் சின்னத் தீவு நாட்டிலும் ஒரே வேலைதானா?

அலைகரை:
தென் பசிபிக் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 12 தீவு நாடுகள் சேர்ந்து நடத்துவது. 2019இல் அதன் வனுவாட்டு வளாகத்தில் சட்டம் படித்த 27 மாணவர்கள், காலநிலை மாற்றத்தைச் சர்வதேச நீதிமன்றத்துக்கே கொண்டுபோக வேண்டும் என்று கிளம்பினார்கள். தீவு நாட்டு அரசுகளுக்கு எழுதினார்கள், வனுவாட்டு அரசு கையில் எடுத்தது, நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கும் தீர்மானத்தை 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை வாக்கெடுப்பே இல்லாமல் ஏற்றது, 2025 ஜூலையில் நீதிமன்றம் கருத்துச் சொல்லிவிட்டது: காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, தவறினால் அது சட்டமீறல். ஆலோசனைக் கருத்துதான், யாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இனி வழக்குப் போடுகிறவர்கள் கையில் அது இருக்கும். கடல் ஏறி வரும் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆய்வுக்கூடத்தைவிடச் சட்ட வகுப்புதான் அவசரமாகத் தேவைப்பட்டது, உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது.

சூரியவெளி:
அருமையான உதாரணம். நான் ஆய்வுக்கூடத்தின் பக்கம் நிற்கிறேன். உலகமெங்கும் கூரைகளில் இருக்கும் சோலார் பேனல்களில் ஏராளமானவை 'பெர்க்' வகை. அதாவது செல்லின் பின்பக்கம் ஒரு மெல்லிய படலம் பூசுவார்கள், வீணாகப் போகும் ஒளி திரும்பி உள்ளே வரும். இது 1980களில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீன் குழு உருவாக்கியது. அங்கே முனைவர் பட்டம் முடித்த ஷி ஜெங்ரோங் சீனா திரும்பி 2001இல் 'சன்டெக்' என்ற சோலார் பேனல் நிறுவனத்தைத் தொடங்கினார். அப்புறம் ஜெர்மனி மானியம் கொடுத்துச் சந்தையை உண்டாக்கியது, சீன ஆலைகள் விலையைச் சரித்தன. எல்லாம் பல்கலைக்கழகத்தாலேயே ஆனது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த ஆய்வுக்கூடமும் அங்கிருந்து கிளம்பிய மாணவர்களும் இல்லாமல் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது.

தேடல்:
இரண்டிலுமே மாணவர்கள்தான் வெளியே கொண்டுபோயிருக்கிறார்கள். பேராசிரியர்கள் ஏன் இறங்குவதில்லை?

வயல்வரப்பு:
ஏனென்றால் பதவி உயர்வு கட்டுரை எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு கிராமத்தோடு ஐந்து வருஷம் உட்கார்ந்து கிணற்று நீர்மட்டத்தைச் சரிசெய்தவருக்கு அதில் மதிப்பெண் கிடையாது. அமெரிக்கா 1914இல் சட்டம் போட்டு, பல்கலைக்கழக ஆள்கள் பண்ணைக்கே போய்ச் சொல்லிக்கொடுப்பதைச் சம்பளமுள்ள வேலையாக்கியது, அதனால்தான் அது நிலைத்தது. (அதே ஏற்பாடுதான் பிறகு ரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் வயல்வயலாகக் கொண்டுசேர்த்தது, அதையும் மறைக்கக் கூடாது. எதைக் கொண்டுபோகிறோம் என்பதை விவசாயியும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.)

இன்னொன்று, பணம். மரக்கன்றை எண்ணுவதை விட்டுவிட்டு, பல்கலைக்கழகத்தின் முதலீடு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 2020இல் எண்ணெய், நிலக்கரி நிறுவனங்களிலிருந்து முதலீட்டை விலக்கிக்கொண்டதாக அறிவித்தது, ஹார்வர்டு 2021இல் அந்த வழிக்கு வந்தது. அங்கேயும் பல வருஷம் விடாமல் நெருக்கியது மாணவர்கள்தான்.