பைக் செயினை டைட் வைத்ததில் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

சேலத்து ரைடர்:
சர்வீஸ் முடிந்த மறுநாளே கொல்லிமலை. பின்னால் மச்சான், அவன் மடியில் பெரிய பை. காரவள்ளியில் ஏற ஆரம்பித்து 70 கொண்டை ஊசியில் பாதிகூடத் தாண்டவில்லை, ஒவ்வொரு குழியிலும் ஃபுட்ரெஸ்ட் வழியாக உள்ளங்காலில் கட், கட்டென்று ஒரு அதிர்வு. ஓரங்கட்டி, மச்சானை இறங்காதே என்று சொல்லிவிட்டு, குனிந்து கீழ்ச் செயினை விரலால் மேலே தள்ளினேன். அசையவே இல்லை, வீணைத் தந்தி மாதிரி விண்ணென்று நிற்கிறது. அவன் இறங்கியதும் அதே செயின் ஒரு 10 மி.மீ. ஆடுகிறது! ஆள் ஏறினால் செயின் இறுகும் என்ற நினைப்பே இல்லாமல் வைத்திருக்கிறார்கள். ஊருக்கு வந்து முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல் சக்கரம்) கவரைக் கழற்றினால், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் ஓரமாக எண்ணெய் வழிந்திருக்கிறது. சர்வீஸ் செய்த மெக்கானிக்கிடம் கேட்டதற்கு, "டைட்டா இருந்தாத்தான் சார் பிக்கப் கிடைக்கும்" என்றார். இதையே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

அப்பாவின் ஸ்பிளெண்டர்:
எங்கள் வீட்டில் செயினை இழுத்தார்கள், மாட்டிக்கொண்டது பிரேக். அப்பா பின் வீலுக்குப் பஞ்சர் ஒட்டிவிட்டு வந்தார். கடைக்காரர் வீலைப் பூட்டும்போது செயின் தொங்குகிறதே என்று வீலைப் பின்னால் இழுத்து டைட் வைத்திருக்கிறார், நல்ல மனசோடுதான். ஆனால் வீல் பின்னால் போனால் டிரம் பிரேக் ராடும் சேர்ந்து இழுபடும், பெடலில் ஃப்ரீ பிளே (பிரேக் பிடிக்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) போய்விடும். அந்த ராடை அவர் தளர்த்தவில்லை. வாசலில் வண்டி நின்றதும் தீய்ந்த வாடை. அம்மா வாளியில் இருந்து ஒரு கை தண்ணீர் தெளித்தார், டிரம் மேல் பட்டதும் சுர்ரென்று ஆவி கிளம்பியது. அப்பாவுக்கு 60 தாண்டிவிட்டது. நெடுஞ்சாலையில் அந்த வீல் இறுகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

லைன் வண்டி:
சேலத்து நண்பரே, டைட் தப்பு என்று ஒரேயடியாகச் சொல்லிவிடாதீர்கள், இதைப் படித்துவிட்டு நாலு பேர் செயினைத் தொங்கவிட்டு ஓட்டுவார்கள். எனக்கு முன்னால் தீவன மூட்டையோடு ஒரு பெரியவர் போய்க்கொண்டிருந்தார். செயின் கவரில் அடித்து அடித்து சளக் சளக்கென்று சத்தம். சொல்லலாம் என்று ஹாரன் அடித்து நெருங்குவதற்குள் செயின் பல்லை விட்டு இறங்கி, பின் வீல் அப்படியே இறுகி, தார் ரோட்டில் கறுப்புக் கோடு இழுத்துக்கொண்டே போனது. எப்படியோ காலை ஊன்றி நின்றுவிட்டார், மூட்டைதான் விழுந்தது. டைட்டால் போவது பேரிங், லூஸால் போவது ஆள். அதனால் நான் கொஞ்சம் டைட் பக்கமே நிற்பேன்.

பட்டறைத் தம்பி:
லைன் வண்டி அண்ணா, ரொம்ப டைட் வைத்தால் செயினே அறுந்துபோகவும் வாய்ப்பு உண்டு. என் கதை சின்னது. காலையில் டைட் வைத்துக் கொடுத்த வண்டி சாயங்காலமே லூஸ் என்று திரும்பி வந்தது. வீலைச் சுற்றினால் ஓரிடத்தில் இறுகுகிறது, கால் சுற்று தள்ளினால் தொங்குகிறது. தேய்ந்த செயின், அதில் என்ன அளவு வைத்தாலும் நிற்காது. சரி, பொதுவாகச் சொல்கிறேன். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் (பின் வீலைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) போல்ட், பின் ஆக்சில் (வீலின் அச்சு) மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் அதிகமாக இறுகும். ஆள் ஏறி ஷாக் அமுங்கினால் அந்த நிலைக்குத்தான் போகிறது. கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் அளவு, அதாவது கீழ்ச் செயின் மேலும் கீழும் ஆட வேண்டிய தூரம், அதற்கும் சேர்த்துதான். நிறைய கம்யூட்டர் வண்டிக்கு 20–30 மி.மீ., ஷாக் ரொம்ப அமுங்கும் வண்டிகளுக்கு இன்னும் கூட வரும். உங்கள் வண்டியின் அளவையும், எந்த ஸ்டாண்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதையும் அதிலேயே பாருங்கள். வீலைச் சுற்றி எங்கே அதிகமாக இறுகுகிறதோ அந்த இடத்தில் அளவெடுங்கள். அட்ஜஸ்டர் நட்டை இரண்டு பக்கமும் சமமாகத் திருப்புங்கள், இல்லாவிட்டால் வீல் கோணிக்கொள்ளும். ஆக்சில் நட்டை முறுக்கிய பிறகு இன்னொரு தடவை பாருங்கள், முறுக்கும்போது அளவு மாறிவிடும். லாக் (செயினின் இரு முனைகளையும் இணைக்கும் கிளிப்) போட்ட செயின் என்றால் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். அப்புறம், செயினைத் துடைக்கும்போது எஞ்சின் ஓடவே கூடாது. விரல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சேலத்து ரைடர்:
லைன் வண்டி, நான் எங்கே லூஸாக ஓட்டச் சொன்னேன்? அளவு வையுங்கள் என்கிறேன். "டைட் பக்கம்" என்று நீங்கள் சொல்வதைத்தான் அந்த மெக்கானிக்கும் சொன்னார், என் சீல் போனது.

லைன் வண்டி:
தினமும் லோடு அடிக்கிற வண்டிக்கு ஸ்கேலை எடுத்துக்கொண்டு யார் உட்காருவார்கள்?

அப்பாவின் ஸ்பிளெண்டர்:
உட்காரலாம் அண்ணா, ரொம்ப நேரம் ஆகாது. அப்பா வண்டியில் செயின் முழுக் கவருக்குள் இருப்பதால் யாருமே பார்ப்பதில்லை. கவரில் ஒரு சின்ன ரப்பர் மூடி இருக்கும், அதைப் பிடுங்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் தள்ளிப் பார்த்தால் போதும். பார்த்துவிட்டு பிரேக் பெடலையும் ஒரு மிதி மிதித்துப் பாருங்கள்.