பொருள்: மறு: மறு: அச்சுக்கு என்ன பெயர்? திமிங்கிலப் 'பாடு'

வெள்ளவத்தையிலிருந்து, செவ்வாய் இரவு

வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கான தொடுதிரை. திமிங்கில வேட்டைத் தரவுகள். வெள்ளிக்கிழமை தமிழ்ப் பகுதி கொடுக்கவேணும். 'இன்டராக்டிவ்' என்பதற்கு 'ஊடாட்ட'மா 'இடைத்தாக்க'மா என்று தயவுசெய்து தொடங்கவேண்டாம். பாடப்புத்தகத்தில் இடைத்தாக்கம், அதையே போட்டாச்சு. சிக்கல் கம்ப வரைபின் நிலைக்குத்து அச்சில். ஆங்கிலத்தில் 'கேட்ச்'. நான் 'பிடிப்பு' என்று எழுதினேன். 1930–31 பருவத்தில் விரலை வைத்தால் நீலத் திமிங்கிலம் 29,000ஐத் தாண்டுகிறது, பக்கத்தில் 'பிடிப்பு' என்று விழுகிறது. இடுப்புப் பிடிப்பா என்று தம்பி சிரிக்கிறான்.

கொட்டாஞ்சேனை (ஊர் மன்னார்)

தங்கச்சி, எங்கட கரையில 'பாடு' எண்டுதான் சொல்லுவம். விடிய வள்ளம் வரேக்க 'இண்டைக்குப் பாடு எப்பிடி?' எண்டுதான் கேள்வி. மீன்பாடு இருக்கு, திமிங்கிலப்பாடு எண்டு போடுங்கோ. முடிஞ்சுது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

முடியவில்லை தம்பி. படு, பாடு: முதனிலை திரிந்த தொழிற்பெயர். நெய்தலுக்குத் தொல்காப்பியர் வகுத்த சிறுபொழுதே எற்பாடு, எல் படும் பொழுது. வலையில் படுவதும் படுதல், செருவில் படுவதும் படுதல். ஆனால் 'திமிங்கிலம்' வடசொல். திமியை விழுங்குவது திமிங்கிலம், அதையும் விழுங்குவது திமிங்கிலகிலம். 'ஆனைமீன்' என்றால் என்ன குறை?

பம்பலப்பிட்டி, விஞ்ஞான ஆசிரியை

சேர், அது மீன் இல்லை என்று விளங்கப்படுத்தவே எனக்கு ஒரு பாடவேளை போகிறது. 'பாடு'ம் வேண்டாம். கூன்முதுகுத் திமிங்கிலம் உண்மையிலேயே பாடும். மட்டக்களப்பை 'மீன் பாடும் தேனாடு' என்று படித்த பிள்ளை திரையில் காதை வைக்கும். அதோடு, ஈட்டி பட்டு அறுத்துக்கொண்டுபோய்ச் செத்தவை எங்கே? சோவியத் கப்பல்கள் மறைத்த கணக்கு 1990களில்தான் வெளியே வந்தது. 'கொலை' என்றே போடுங்கள்.

கொட்டாஞ்சேனை

அதுதான் மிஸ், அறுத்துக்கொண்டு போனதை நாங்கள் பாட்டில சேர்க்கிறேல்லை. கரைக்கு வந்தால்தான் பாடு. உங்கட கணக்கும் அதுதானே?

கல்கிசை

இடையில் ஒரு கேள்வி. அந்தக் காலத்தில் வேட்டையைக் கணக்கிட்ட 'நீலத் திமிங்கில அலகு' வைத்திருக்கிறீர்களா? ஒரு நீலத்துக்குச் சமம் இரண்டரைக் கூன்முதுகு, அல்லது ஆறு சேய்த் திமிங்கிலம். அரைத் திமிங்கிலத்தை எப்படி வரைவது?

தமிழாசிரியர்

'சேய்' என்றால் குழந்தை. ஆறு குழந்தைகளைக் கொன்றதாகப் பொருள்படும்.

வெள்ளவத்தை, வியாழன் பின்னேரம்

அலகு இல்லை, தலைக்கணக்குத்தான். சேய்க்குப் பக்கத்தில் படம் போட்டுவிட்டேன். அச்சுக்கு மூன்று பேர் பாடு, ஒருவர் கொலை. சேர் இன்னும் ஆனைமீனில் நிற்கிறார். 'பதிவான பாடு' என்று எழுதி அனுப்புகிறேன். பதிவாகாதவைக்குக் கம்பத்தின் தலையில் சாம்பல் நிறக் கோடு, எண் இல்லாமல்.

ஆசிரியை

கோடு நல்லது. சொல்லுக்கு நான் உடன்படவில்லை. திரை வந்ததும் ஒன்பதாம் வகுப்பைக் கூட்டிவருகிறேன். எத்தனை பேர் காதை வைக்கிறார்கள் என்று எண்ணி இங்கே எழுதுவேன்.