தர்மபுரி லைனில் கூட்ஸ் வண்டியைப் படம் பிடிப்பது எப்படி?

பாலக்கோட்டான்:
மூன்று ஞாயிறாக மாரண்டஅள்ளிப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் கேமராவோடு காத்துக் கிடக்கிறேன். வந்த கூட்ஸ் ஒன்றே ஒன்று. அதுவும் நான் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து வந்தது. ஓடி வந்து எடுத்ததில் கடைசியில் வரும் கார்டு பெட்டியின் முதுகு மட்டும்தான் விழுந்திருக்கிறது. ஆப்பில் எக்ஸ்பிரஸ் வருவது தெரிகிறது, கூட்ஸ் தெரிவதில்லை. நீங்களெல்லாம் எப்படிப் பிடிக்கிறீர்கள்?

சிவாடி பால்காரர்:
தம்பி, கூட்ஸைத் தேடாதீங்க, எக்ஸ்பிரஸ் நேரத்தைப் பாருங்க. ஓமலூரிலிருந்து ஓசூர் வரை ஒற்றைப் பாதை. காலையில் எர்ணாகுளம் இன்டர்சிட்டி வருகிறது என்றால், எதிரே வரும் கூட்ஸை ஏதாவது ஒரு ஸ்டேஷன் லூப் லைனில், அதாவது மெயின் பாதையை ஒட்டிய பக்கப் பாதையில், ஒதுக்கித்தான் ஆக வேண்டும். பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது எனக்குச் சிக்கியதெல்லாம் அப்படி நின்ற வண்டிகள்தான். போன மாசம் ஒன்று முக்கால் மணி நேரம் நின்றது. வேகன் கதவு இடுக்கில் சிந்திய அரிசியை இரண்டு மைனா கொத்திக்கொண்டிருந்தன. என்ஜினை இருபது படம் எடுத்தேன். வீட்டுச் சுவரில் தொங்குவது மைனா படம்.

வெயிலையும் கவனிங்க. சேலம் போகிற வண்டிக்கு மார்கழி, தை மாதக் காலை வெயில் முகத்தில் அடிக்கும். பெங்களூர் போகிறதுக்குச் சித்திரை, வைகாசி சாயங்காலம்.

தொப்பூர் பக்கம் மலையை வெட்டிப் பாதை போட்ட பள்ளத்துக்குள் மட்டும் இறங்காதீங்க. 2021 நவம்பரில் பாறை உருண்டு கண்ணூர் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டது அங்கேதான்.

ஓசூர்வாசி:
மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். செல்ஃபி குச்சியைத் தூக்கிக்கொண்டு மேம்பாலத்தில் ஏறாதீர்கள். தண்டவாளத்தை ஒட்டி நடந்தால் ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை உள்ளே போடலாம். கேட்டுக்கு வெளியே நின்றாலே போதும். ஓடுகிற வண்டியை மொபைலில் பக்கவாட்டில் எடுத்தால் வேகன்கள் சாய்ந்து தெரியும். கொஞ்சம் தள்ளி நின்று, வண்டி எதிரே வரும்போதே எடுத்துவிடுங்கள்.

கிருஷ்ணகிரிக்காரன்:
எங்கள் ஊரில் ஸ்டேஷனே கிடையாது, பஸ் ஏறி ராயக்கோட்டை வருகிறேன். எண்ணிக்கைதான் வேண்டும் என்றால் மொரப்பூர் போங்கள். ஜோலார்பேட்டை–சேலம் இரட்டைப் பாதை, கூட்ஸுக்குப் பஞ்சமில்லை.

சிவாடி பால்காரர்:
வரும் சரி, நிற்குமா? 58 வேகன் கண்ணெதிரே கடகடவென்று போய்விடும். அப்புறம் மைனா எங்கே உட்காரும்?

பாலக்கோட்டான்:
இன்று காலை மாரண்டஅள்ளியிலேயே ஒன்று லூப்பில் நின்றது. வேலிக்கு வெளியிலிருந்து எடுத்தேன். டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி பாட்டில் தண்ணீரில் முகம் கழுவுகிறார், அதுவரைக்கும் அருமை. என்ஜின் நம்பரின் குறுக்கே மின்கம்பத்தின் நிழல் விழுந்துவிட்டது. அடுத்த ஞாயிறு பத்தடி தள்ளி நிற்கிறேன்.