செல்லூர் வீட்டுக் குழு: பெரியப்பாவின் உணவுக்குழாய் விவகாரம்

ஞாயிறு

பாண்டி அண்ணன், இரவு 8:12
அப்பாவுக்கு உணவுக்குழாயில் இருக்கும் புற்றை எடுக்கச் செவ்வாய் காலை என்று முடிவாகிவிட்டது. திங்கள் சாயந்திரம் அட்மிட். தனித்தனியாகப் போன் போட முடியவில்லை, அதான் இங்கே.

முத்துலட்சுமி அத்தை, 8:15
என்னடா திடீரென்று? நெஞ்சைத் திறக்கிற ஆபரேஷனா? அண்ணன் நல்லாத்தானே சாப்பிடுகிறார். போன வாரம்கூட இங்கே வந்து கறிதோசை சாப்பிட்டாரே!

பாண்டி அண்ணன், 8:16
திறக்கவில்லை அத்தை. வாய் வழியாகக் குழாய் விட்டே எடுத்துவிடலாமாம். கவி ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்து சொல்லும்.

திருமங்கலம் மாமா, 8:21
மாப்ள, புற்று என்றால் கத்தியே படக்கூடாது. பட்டால் பரவிவிடும். எங்கள் தெருவில் ஒருத்தர் சதை எடுத்து டெஸ்ட்டுக்குக் கொடுத்த பிறகுதான் படுத்தார்.

திருமங்கலம் மாமா, 8:22
[பலமுறை பகிரப்பட்டது] முள்சீத்தா இலைக் கஷாயம், 21 நாளில் புற்று காணாமல் போகும்...

செந்தில், 8:24
மாமா, பெரியப்பாவும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார். பார்த்து எழுதுங்கள்.

பெரியப்பா, 8:31
எனக்கு எல்லாம் தெரியும். டாக்டர் டிவியிலேயே காட்டிவிட்டார். நீங்கள் பேசுங்கள்.

கவிதா, 9:40
இப்போதுதான் பார்த்தேன். அத்தை, சாப்பாடு தடையில்லாமல் இறங்குகிறதே, அதுதான் நல்ல சேதி. உணவுக்குழாய் நன்றாக விரிந்துகொடுக்கும். பாதை பெருமளவு அடைபடும் வரை ஒன்றுமே தெரியாது. சோறு சிக்குகிறது, தண்ணீர்தான் இறங்குகிறது என்று எங்களிடம் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

கவிதா, 9:43
பெரியப்பாவுக்கு முன்பு கன்னத்தில் ஆபரேஷன் ஆனதே, அதனால்தான் இது அகப்பட்டது. வெற்றிலை, புகையிலையால் வாயில் புற்று வந்தவர்களுக்கு அந்தச் சாறு போன வழியில் இன்னொன்று தனியாக முளைக்கலாம். அதற்காகவே அந்த டாக்டர் தொந்தரவு ஏதும் இல்லாதபோதே எண்டோஸ்கோபி எழுதிக்கொடுத்தார். அவருக்குக் கும்பிடு போட வேண்டும்.

முத்துலட்சுமி அத்தை, 9:45
அப்படி என்னதான் தெரிந்ததாம்?

கவிதா, 9:49
முதலில் லேசான சிவப்பு, அவ்வளவுதான். அப்புறம் அயோடின் தெளித்திருக்கிறார்கள். நல்ல தோலில் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சத்து இருக்கும். அது அயோடினைப் பிடித்துப் பழுப்பாகிவிடும். கெட்ட இடத்தில் அந்தச் சத்து குறைவு, நிறம் ஏறாது. பெரியப்பா படத்தில் சுற்றிலும் பழுப்பு, நடுவில் ஒரு திட்டு மட்டும் வெளிறிக் கிடக்கிறது.

கவிதா, 9:54
மாமா, கத்தி பட்டுப் பரவுவதில்லை. உங்கள் தெருக்காரருக்குச் சதை எடுக்கும்போதே பரவியிருந்திருக்கும். உணவுக்குழாய்ச் சுவரில் உள்தோல், அதற்கடியில் மெத்தென்று ஓர் அடுக்கு, அப்புறம் தசை. உள்தோலோடு நிற்கும் வரை நெறிக்கட்டுக்குப் போகும் வாய்ப்பு மிகக் குறைவு. அடுத்த அடுக்கில் இறங்கினால் அந்த வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். அதனால்தான் அவசரம்.

செந்தில், 9:56
எப்படி எடுப்பார்கள்?

கவிதா, 10:02
மயக்கம் கொடுத்துத்தான். திட்டைச் சுற்றிப் புள்ளி வைத்துக்கொள்வார்கள். அடியில் நீலச் சாயம் கலந்த திரவத்தை ஊசியால் ஏற்றினால் உள்தோல் மட்டும் உப்பி எழும். அந்த இடைவெளியில் சின்ன மின்கத்தியை ஓட்டி ஒரே துண்டாக உரித்தெடுப்பார்கள். இஎஸ்டி என்று பெயர். ஜப்பானில் இரைப்பைப் புற்றுக்காகத் தொடங்கியது. சுருக்குக் கம்பி போட்டு எடுக்கிற முறையும் உண்டு, ஆனால் 2 சென்டிமீட்டருக்கு மேல் போனால் துண்டு துண்டாகத்தான் வரும். ஓரம் சுத்தமா என்று பார்க்க ஒரே துண்டாக வருவதுதான் நல்லது.

கவிதா, 10:04
பாண்டி அண்ணே, பெரியப்பா இதயத்துக்குப் போடும் மாத்திரையை டாக்டரிடம் காட்டியாச்சா? ரத்தத்தை இளக்கும் மாத்திரை. நாமாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் இருக்கவும் கூடாது. கஷாயம் எதுவும் வேண்டாம்.

பாண்டி அண்ணன், 10:06
காட்டியாச்சு. சீட்டில் குறித்துக்கொண்டார்கள்.

செவ்வாய்

பாண்டி அண்ணன், மதியம் 1:37
வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். எடுத்ததையும் காட்டினார்கள். ஒரு அட்டையில் ஓரமெல்லாம் குண்டூசி குத்தி விரித்துவைத்திருந்தது. என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் அகலம். இத்தனூண்டு தோலுக்கா இத்தனை பாடு என்று இருந்தது.

முத்துலட்சுமி அத்தை, 1:39
மீனாட்சி தாயே! பேசுகிறாரா?

பாண்டி அண்ணன், 1:41
பேசுகிறார். நெஞ்சில் வலி என்கிறார்.

கவிதா, 1:50
உள்ளே புண் இருக்கிறது, கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். வலி கூடினாலோ, காய்ச்சல், மூச்சுத்திணறல் வந்தாலோ, கழுத்தைத் தொட்டால் தோலுக்கடியில் நெறுநெறுவென்று இருந்தாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். ஓட்டை விழுந்திருக்கலாம். ரத்த வாந்தி, கறுப்பாக மலம் போனாலும் அப்படியே. வீட்டுக்கு வந்த பிறகும் இதையெல்லாம் கவனியுங்கள்.

செந்தில், 1:58
பின்னால் குழாய் சுருங்கிவிடும் என்று எங்கேயோ படித்தேனே?

கவிதா, 2:03
முக்கால் வட்டத்துக்கு மேல் எடுத்தால் அந்தப் பயம் அதிகம். அப்படி ஆனாலும் பலூன் விட்டு விரிப்பார்கள். பெரியப்பாவுக்குப் பாதி வட்டம்கூட இல்லை.

புதன்

பெரியப்பா, காலை 7:05
பருத்திப்பால் குடிக்கலாமா?

கவிதா, 7:20
டாக்டர் வாய் வழியாகக் கொடுக்கச் சொன்ன பிறகு. முதலில் தண்ணீர், நீராகாரம், அப்புறம் குழைந்த கஞ்சி. பருத்திப்பால் பின்னால், அதுவும் நன்றாக ஆறவைத்து. நாக்கைச் சுடுகிற சூட்டில் டீ குடிப்பதையும் விட வேண்டும் பெரியப்பா. 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுக்கு வழிவகுக்கலாம் என்று 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவே சொல்லிவிட்டது.

பெரியப்பா, 7:22
ஆறிய டீ டீயா?

அடுத்த வாரம், வியாழன்

பாண்டி அண்ணன், மாலை 5:30
[படம்] ரிப்போர்ட் வந்துவிட்டது. கவி, பார்.

கவிதா, 5:44
ஆழம்: உள்தோலுக்குள்ளேயே நிற்கிறது. ஓரம், அடி: சுத்தம். ரத்தக்குழாய், நிணநீர்க்குழாய்க்குள் நுழையவில்லை. எனக்குக் கை நடுங்கிக்கொண்டேதான் படத்தைப் பெரிதாக்கினேன். இதில் ஒன்று மாறியிருந்தாலும் ஆபரேஷன், இல்லையென்றால் கரண்டு வைக்கிற கதிர்வீச்சும் கீமோவும் என்று பேச்சு போயிருக்கும்.

முத்துலட்சுமி அத்தை, 5:46
அப்பாடா! சனிக்கிழமை அழகர்கோவில் போய்விட்டு வருகிறோம்.

திருமங்கலம் மாமா, 5:52
அப்புறம் என்ன மச்சான், ஒரு வெற்றிலையைப் போட வேண்டியதுதானே 😄

கவிதா, 5:55
மாமா!! மிச்சக் குழாயும் அதே புகையிலையில் ஊறினதுதான். இனி பெரியப்பாவுக்குச் சில மாதத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோபி உண்டு, அயோடினும் உண்டு. அது இருக்கட்டும், நீங்களும் வெற்றிலை போடுகிறவர்தானே, இப்போது கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறங்கள். மூன்று விரல் ஒன்றன் மேல் ஒன்றாக உள்ளே போகிறதா?

திருமங்கலம் மாமா, 6:10
இரண்டுதான் போகிறது. காரம் பட்டாலும் எரிகிறது. அது ரொம்ப நாளாகவே அப்படித்தான்.

முத்துலட்சுமி அத்தை, 6:11
என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாரா இந்த மனுஷன்! கவி, எங்கே காட்ட வேண்டும்?

கவிதா, 6:13
முதலில் பல் டாக்டர் போதும் அத்தை. வாய் இறுகியிருந்தால் அவரே சொல்வார். திங்கள் எனக்கு லீவு. பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள், நான் கூடவே வருகிறேன். மாமா, பொட்டலம் சட்டைப்பையில் வரக்கூடாது.