ஆடவர் இருவர் அணி விரைவுப் பனிச்சறுக்கு: ஒரே வீரர் ஏன் மீண்டும் களமிறங்குகிறார்?

கேள்வி (திருமங்கலம்):
மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் தொடரோட்டம் பயிலும் மாணவர்களுக்கு 2022 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிப் போட்டியைக் காட்டினேன். சென்ற வீரரே திரும்பத் திரும்ப வருவது ஏன் என்று கேட்கிறார்கள். அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (மேலூர்):
ஐயா, அணிக்கு இருவர் மட்டுமே. மாறி மாறி ஆளுக்கு மூன்று சுற்றுகள். தொடரோட்டத்தைப் போலக் கைமாற்றும் கோல் கிடையாது, வீரர் மாறும் பகுதிக்குள் துணைவரைக் கையால் தொட வேண்டும். துணைவர் சறுக்கும் சில நிமிடங்களுக்குள் மூச்சைச் சீராக்கிக்கொண்டு மறுபடியும் முழு வேகத்தில் இறங்க வேண்டியிருப்பதால், விரைவில் மீளும் உடலுடையவருக்கே இப்போட்டி சாதகம் என்பது என் உறுதியான கருத்து. அன்று வென்றவர்கள் நார்வேயின் வால்னெஸ், கிளேபோ.

மறுமொழி (உசிலம்பட்டி):
2014 சோச்சி ஒலிம்பிக்கில் இதே போட்டியின் இறுதியையும் அவசியம் காட்டுங்கள். கடைசிக் கட்டத்தில் பின்லாந்தின் யவ்ஹோயார்வியுடன் உரசி ஜெர்மனியின் சார்ன்கே விழுந்தார்; ஜெர்மனியின் முறையீடு நிராகரிக்கப்பட்டு, தங்கம் பின்லாந்துக்கே உறுதியானது.