பழைய 1873 வின்செஸ்டர் லீவர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போட்டிக்குப் போனவர்கள் உண்டா?

நான் இருப்பது அரிசோனாவில். கவ்பாய் பாணி சுடும் போட்டிகளுக்குப் போகத் தொடங்கி நாலு வருஷம். பெரும்பாலும் இத்தாலியில் செய்த நகல்களைத்தான் கொண்டுவருவார்கள், அதில் தப்பே இல்லை. எனக்கு அசலில் சுட ஆசை. 44-40 தோட்டா போடுகிற, 1880களில் செய்த 1873 மாடல் ஒன்று போன வருஷம் கைக்கு வந்தது.

முதல் நாள் ஈயக்குண்டுத் தோட்டாவைப் போட்டுக் காகிதத்தில் சுட்டுப் பார்த்தேன். வட்டமாக ஓட்டை விழவேண்டிய இடத்தில் சாவித் துவாரம் மாதிரி நீளமாகக் கிழிந்திருந்தது. குண்டு நேராகப் போகாமல் புரண்டு புரண்டு போயிருக்கிறது. குழல் தேய்ந்துவிட்டது, போட்ட பணம் போச்சு என்று அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

எங்கள் கிளப்பில் எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், பழைய துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவர். முதலில் உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு மெத்தென்ற ஈய உருண்டை ஒன்றை எண்ணெய் தடவிக் குழல் வாயில் வைத்து, மரக்கோலால் மெல்லத் தட்டித் தட்டி மறுமுனை வரை இறக்கினார். வெளியே வந்த ஈயத்தில், குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டியிருக்கும் புரிகளின் தடம் பளிச்சென்று இருந்தது. மைக்ரோமீட்டரில் அளந்தால் 0.431 அங்குலம். நான் போட்ட குண்டு 0.427. குழலில் ஒரு குறையும் இல்லை, குண்டுதான் சின்னது! அந்தக் காலத்துக் குழல்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்காதாம். பெரிய குண்டு வைத்த தோட்டா, குழலின் பின்முனையில் அது உட்காரும் அறைக்குள் தடையில்லாமல் போகிறதா என்றும் பார்த்த பிறகுதான் சுடச் சொன்னார். அன்றிலிருந்து ஓட்டைகள் வட்டம்தான்.

இன்னொன்றும் அழுத்திச் சொன்னார். 1873-இன் உள்ளே, சுடும்போது அறையின் பின்பக்கத்தைப் பூட்டுவது முழங்கால்போல் மடங்கி நிமிரும் இணைப்பு. ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1892 மாடலில் செங்குத்தான இரண்டு இரும்புக் கட்டைகள் பூட்டுகின்றன. தோட்டா ஒரே அளவுதான் என்றாலும் 1892 தாங்குகிற வேகத் தோட்டாவை 1873-இல் போடவே கூடாது.

போட்டியில் பத்து தோட்டா. ஏழாவதில் அவசரப்பட்டு லீவரை முழுக்க முன்னால் தள்ளாமல் இழுத்துவிட்டேன், வெற்றுக் கூடு வெளியே வராமல் நின்றுவிட்டது. நிதானமாக மறுபடி தள்ளி எடுத்தேன். மிச்சம் மூன்றும் இரும்புப் பலகையில் டங் டங் டங். ஒரு குறி தவறினால் நம் நேரத்தில் 5 விநாடி கூடும், ஒன்றும் தவறவில்லை. அந்தப் பித்தளைத் தூக்கி ஒவ்வொரு தோட்டாவையும் மேலே ஏற்றும்போது கையில் தெரிகிற அதிர்வு, இந்த நகல்களில் எனக்குக் கிடைத்ததில்லை.

மறுமொழி:

நான் 44-40இல் கருமருந்துதான் (புகை கக்கும் பழைய வெடிமருந்து) சுடுகிறேன், துப்பாக்கி 1892. 44-40 தோட்டாக் கூட்டின் வாய்ப்பகுதி மெல்லியது, வெடித்ததும் விரிந்து அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் கரி பின்னால் வந்து இயந்திரத்தில் படிவது குறைவு. நாற்பத்தைந்து கோல்ட் என்ற வேறு தோட்டாவைப் போட்ட நண்பரின் துப்பாக்கி அன்று மதியமே இறுகிவிட்டது. காற்று இல்லாத நாளில் மூன்றாவது குண்டுக்குப் பிறகு புகையில் குறியே தெரியாது, பலகை இருந்த இடத்தை மனசில் வைத்துச் சுட வேண்டும். வீட்டுக்கு வந்த உடனே குழலில் வெந்நீர் ஊற்றிவிடுங்கள். நான் ஒரு தடவை மறுநாளுக்குத் தள்ளிப்போட்டேன். காலையில் குழலைத் துடைத்த துணி துருவேறிச் செம்பழுப்பாக வந்தது.